பத்துக்கு ஆறு

"எந்திரிங்க அத்தே. இந்த மெஷினை விட்டு எந்திரிங்க."

கேட்கவே கூடாததை நெவேனா கேட்டுவிட்டாள். இந்தத் தொழிலுக்கு அவளை இழுத்துவந்த அன்றைக்கு ரிஸ்தோ மாமா சொன்ன முதல் சட்டமே அதுதான்: சூதாட்ட மெஷினில் ஆடுகிற ஆளை எழுந்திருக்கச் சொல்லாதே. பக்கத்து மெஷினில் சில்லறைக்கு ஆடு, எலுமிச்சை சோடா குடி, போனை நோண்டு. கை காலியானால் அவர்களே எழுந்து போவார்கள். நீ வாயைத் திறந்து கேட்டாயோ, அந்த நாற்காலிக்கு ஒரு மவுசு வந்துவிடும். அப்புறம் வீட்டை விற்றாவது அதிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

வெலிக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விரலும் பட்டனை விட்டு நகரவில்லை.

"ஏன்டி, உனக்கு வேணுமா?"

"எனக்கு வேணாம்."

"பின்ன அவனுக்கா? தூணுக்குப் பின்னால நிக்கறானே உன் ரிஸ்தோ, கோழி திருட வந்தவன் மாதிரி. அவன் அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

"நானா வந்தேன்னுதான் எல்லாக் கழுகும் சொல்லும்" என்றாள் வெலிக்கா, மறுபடி அழுத்தினாள்.

கழுகு என்பது ஏரிமுனை கிளப்பில், தோற்கிற ஆள் எழக் காத்திருக்கும் மாமாவுக்கும் அவளுக்கும் வைத்திருக்கும் பெயர். மறைவாகச் சொல்வதுகூட இல்லை. ரிஸ்தோ மாமா உள்ளே வந்தால் பாரில் நிற்கிற கிழவர்கள் கையை விரித்துப் பறக்கிற மாதிரி காட்டுவார்கள். அவரும் குனிந்து வணக்கம் வைப்பார். உருக்காலையில் இருபது வருஷம் வெந்து, ஆட்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டவர். கேலியெல்லாம் அவர் தோலில் ஒட்டாது.

தொழில் எளிமையானது. அந்த மெஷினின் நெற்றியில் ஓர் எண் ஓடுகிறது; அதுதான் பரிசுத் தொகை. யார் ஆடினாலும், சுற்றுகிற டாலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்ட் அதில் ஏறும். ஐயாயிரத்தைத் தொடுவதற்குள் எங்கேயோ ஓரிடத்தில், அப்போது ஆடுகிறவருக்கு அது விழுந்தே ஆகவேண்டும், கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. மற்றபடி அதுவும் எல்லா மெஷினையும் போலத்தான்: நூறு டாலர் சுற்றினால் பன்னிரண்டை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் துப்பும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. எண் எவ்வளவு ஏறியபின் உட்கார்ந்தால், விழுங்கப்போவதைவிட விழப்போவது பெரிதாக இருக்கும்? மாமா குத்துமதிப்பாக நாலாயிரத்து அறுநூறு என்று வைத்திருந்தார். நெவேனா உணவு மேஜையில் கிடந்த காகிதத் துண்டில் கணக்குப் போட்டு, நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சமே போதும் என்றாள். அந்த வித்தியாசத்தில் மாமா புது வேன் வாங்கினார்.

அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள் அவள். புள்ளியியல். அம்மா ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துப் படிக்கவைத்தாள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் நேர்முகத்தில், அவர்கள் திரையில் போட்டுக்காட்டிய கணக்கே தப்பு என்று இவள் சொன்னாள். 'எங்கள் குழுவோடு நீங்கள் ஒத்துப்போவீர்கள் என்று தோன்றவில்லை' என்று மிக இனிமையாக மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவையும் அந்த ஒரே இனிமையில்தான் வந்தன. மாமாவுக்கு மட்டும்தான் அவள் கணக்கு தேவைப்பட்டது. நேரத்துக்கு, கையில், ரொக்கமாகக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்தக் கணக்கில் அவள் எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு. எண் தானாக ஏறுவதில்லை. நாலாயிரம் ஐயாயிரமாக வேண்டுமென்றால், இந்த ஊர் அந்த மெஷினில் பன்னிரண்டாயிரம் தோற்றிருக்க வேண்டும். யார் தோற்றார்கள் என்பது கணக்குக்குத் தேவையில்லை என்பதால் அவள் விட்டுவிட்டாள்.

இன்றைக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. வெலிக்கா, நெவேனாவின் அம்மாவோடு ஒரே ஷிப்டில் துடைப்பம் பிடித்தவள். அம்மாவுக்கு இரவு வேலை என்றால், கீரை வைத்துச் சுட்ட ரொட்டி கொடுத்து இவளை மடியில் போட்டுத் தூங்கவைத்தவள். போன குளிர்காலத்தில் அவள் புருஷன் நவும் போய்ச்சேர்ந்தார். அடுத்த மாதம் வருஷ நினைவு. வேகவைத்த கோதுமையும் ரொட்டியுமாக ஊரே கல்லறைக்கு வரும். அதற்குள் கல் நிற்க வேண்டும். கறுப்புக் கல்லில் நவுமின் முகம் செதுக்கி நிற்க வேண்டும். மண்மேட்டில் மரச்சிலுவையோடு வருஷம் திரும்பினால் அந்த வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவர்கள் ஆட்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெலிக்கா நோட்டுகளை எடுத்த உறையில் கல்கடைக்காரனின் பெயர் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நெவேனாவுக்கு வாய் திறந்துகொண்டது.

"அது கல்லுக்கு வெச்ச காசுதானே அத்தே?"

"இருந்துச்சு. இப்ப பாதிக்கு மேல இதுக்குள்ள இருக்கு." வெலிக்கா மெஷினின் வயிற்றைத் தட்டினாள், மாட்டைத் தட்டுவதுபோல.

"மிச்சத்தையாவது எடுத்துக்கிட்டு கெளம்புங்க."

"மிச்சத்துக்கு அவன் என்ன தருவான் தெரியுமா? கேட்டுட்டுதான் வந்தேன். பேர் மட்டும் வெட்டுவானாம். முகம் கிடையாதாம். முகம் இல்லாத கல்லைப் பாத்து நான் எதைடி சொல்லி அழறது? எழுத்தைப் படிச்சா?"

நெவேனா உறையில் இருந்த கல்கடைக்காரனின் பெயரையே பார்த்தாள்.

"ஒரு வாரமா ஊட்டிட்டேன் இதுக்கு" என்றாள் வெலிக்கா. "இனிமே கொடுத்துதான் ஆகணும். எனக்குத் தெரியும்."

இந்தப் பேச்சைக் கேட்டாலே நெவேனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊட்டினேன், கொடுக்கும், ஊட்டினேன், கொடுக்கும். இந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை மெஷின்களிலும் அது பொய். எவ்வளவு ஊட்டினாலும் அவற்றுக்கு ஞாபகம் கிடையாது. ஆனால் இந்த ஒரு மெஷினில் மட்டும், இன்றைக்கு மட்டும், அந்தக் கிழட்டு நம்பிக்கை நிஜம். நெற்றியில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. நாற்பது வருஷமாகத் தப்பான இடத்திலேயே உட்கார்ந்த பொம்பளை, முதல்முறையாகச் சரியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் போய் எழுந்திருக்கச் சொல்கிறோம் என்பது நெவேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தால் யார் உட்காருவார்? தூணுக்குப் பின்னால் நிற்பவர். அக்கறையில் சொன்னாலும் திருட்டு எண்ணத்தில் சொன்னாலும் வார்த்தை ஒன்றுதான், நாற்காலி போய்ச்சேருகிற இடமும் ஒன்றுதான்.

"உறையில எவ்வளவு இருக்கு?"

"அதைக் கேக்க நீ யாரு?"

"சொல்லுங்க அத்தே."

"ஐந்நூறு. என்ன பண்ணப்போறே, வட்டிக்கு விடப்போறியா?"

இன்னும் எழுபது ஏறவேண்டும். அதற்கு ஏழாயிரம் சுற்றவேண்டும். அதிகபட்சம் எண்ணூற்று நாற்பது விழுங்கும். ஐந்நூறு இருந்தால்…

"பத்துக்கு ஆறு" என்றாள் நெவேனா.

"என்னது?"

"உங்களைப் போல பத்து பேர், இதே எண்ணுல, இதே ஐந்நூறோட உக்காந்தா, ஆறு பேருக்கு விழும். நாலு பேர் வெறுங்கையோட போவாங்க."

வெலிக்கா இப்போதுதான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"நான் ஆறுல ஒருத்தியா, நாலுல ஒருத்தியா?"

"அது யாருக்கும் தெரியாது."

"இதைச் சொல்றதுக்காடி உங்கம்மா முதுகொடிஞ்சு உன்னைப் படிக்க வெச்சா?"

"எந்திரிச்சா பேர் மட்டும் உறுதி. உக்காந்தா, முகம் வர்றதுக்கு பத்துக்கு ஆறு. பேர்கூட இல்லாம போறதுக்கு நாலு. நான் உங்க இடத்துல இருந்தா உக்காருவேன்."

சொல்லிவிட்டாள். கணக்கு அப்படித்தான் சொன்னது. கணக்கில் தப்பில்லை.

வெலிக்கா உறையைக் கையில் எடைபார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் நன்றாகப் பதித்துக்கொண்டாள். "சரி. எப்படி ஆடணும்னு சொல்லு."

"பெரிசா போடாதீங்க. அந்தப் பெரிய பட்டனைத் தொடவே தொடாதீங்க. சின்னதா, ஒரே மாதிரி. அவசரப்பட்டீங்கன்னா விழுறதுக்கு முன்னாடியே காசு தீர்ந்துடும்."

ரிஸ்தோ மாமா தண்ணீர் எடுக்கப் போகிறவர்போலப் பின்னால் வந்தார். "என்னடி அவகிட்ட பேச்சு?" என்று பல்லைக் கடித்தார்.

"குடும்ப விஷயம்."

"மெஷினுக்கு முன்னால ஏதுடி குடும்பம்?" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்தது. பக்கத்து ஹாலில் இறைச்சித் தட்டுகளைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடந்தது. மைக்கில் ஒருவன் எண் எண்ணாகக் கத்தினான். வெலிக்கா சொன்னபடியே ஆடினாள். சின்னதாக, ஒரே மாதிரி. ஐந்நூறு நானூறானது, நானூற்று ஐம்பதானது, முந்நூறானது. ஒருமுறை திரையில் தங்கமீன்கள் வரிசையாக வந்து எழுபது டாலரைத் துப்பின. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நெவேனா சிறுபிள்ளையில் பிடித்த கை, கிருமிநாசினியில் ஊறிஊறித் தோல் தடித்த கை.

"விழுந்தா முதல்ல என்ன செய்வேன் தெரியுமா?" என்றாள் வெலிக்கா. "மீசையோட செதுக்கச் சொல்லுவேன். கடைசியில ஆஸ்பத்திரியில வழிச்சுட்டாளுங்க, அடையாளமே தெரியல. மீசை இல்லாம மேல போனா அவங்கம்மாவே உள்ள விடமாட்டா."

நெவேனா சிரித்தாள். கண் மட்டும் நெற்றி எண்ணை விடவில்லை. தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. ஒவ்வொரு சென்ட் ஏற ஏற அந்த மெஷின் இன்னும் கொஞ்சம் லாபமாகிக்கொண்டே போனது; ஏற்றுகிறவளின் கை இன்னும் கொஞ்சம் மெலிந்துகொண்டே போனது. இரண்டும் ஒரே காசுதான்.

தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் உறை காலி.

வெலிக்கா பட்டனை இன்னொரு முறை அழுத்தினாள். மெஷின் மரியாதையாகக் காசு போடச் சொன்னது.

"நாலுல ஒருத்தி" என்றாள்.

"இல்ல. இன்னும் இல்ல." நெவேனாவின் குரல் உயர்ந்தது. "இன்னும் இருபத்தொம்பதுதான் பாக்கி. முந்நூத்தைம்பது இருந்தா போதும், விழுந்தே தீரும். நான் தரேன்." தோள்பையில் கைவிட்டாள். தொழிலுக்கென்று மாமா கொடுத்துவைத்திருந்த கட்டு அதில்தான் இருந்தது. படித்த பெண்ணின் முகத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று அவள் பையில்தான் வைப்பார். நாலு நூறு டாலர் நோட்டுகளை உருவி நீட்டினாள். "பிடிங்க. பிடிங்க அத்தே."

வெலிக்காவின் கை பாதி வந்தது.

"அது என் காசு" என்றார் ரிஸ்தோ மாமா.

எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. கத்தவில்லை. பேருந்தில் தன் இடத்தைச் சொல்கிறவர்போல நிதானமாகத்தான் சொன்னார். "பாத்தியா வெலிக்கா, பொண்ணு என் காசை வெச்சு உனக்குத் தர்மம் பண்றா. வாங்கிக்கோயேன். விழுந்தா பாதி எனக்கு. புருஷன் கல்லுல நானும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன்."

வெலிக்காவின் கை நின்றது. பிறகு கைப்பையின் வாயை மூடினாள்.

"உன் காசுல நவுமுக்கு மீசை வேணாம்டா" என்றாள். எழ ஆரம்பித்தாள்.

"எந்திரிக்காதீங்க!" நெவேனா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "அத்தே, பாதி கொடுத்தாலும் கல்லு வந்துடும். முகத்தோட வந்துடும். ரோஷத்தை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப எந்திரிக்கறது பைத்தியக்காரத்தனம், கணக்கு அப்படி!"

"கையை எடு."

"உக்காருங்க!"

"மொதல்ல எந்திரின்னே. அப்புறம் உக்காருன்னே. இருந்த ஐந்நூறையும் போடவெச்சே. இப்ப இவன் முன்னால கைநீட்டவும் வெச்சே." வெலிக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். "நான் தூக்கி வளத்த கழுகுடி நீ."

அவள் நடந்துபோனாள். கால்வலியில் கொஞ்சம் சாய்ந்து, ஆனால் நிமிர்ந்து.

"உக்காரு, சூடு ஆறதுக்குள்ள" என்றார் மாமா. நெவேனா அசையவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, அவள் இன்னும் நீட்டியபடியே இருந்த கையிலிருந்து நாலு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்தார். பெரிய பட்டனைத்தான் அழுத்தினார். அவருக்கு அவசரம் இல்லை, ஆனால் காசு இருந்தது; காசு இருந்தால் எப்படி ஆடினாலும் சரிதான்.

மைக்கில் கத்தியவன் கடைசி இறைச்சித் தட்டுக்கு எண் சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. விளக்குகள் எரிந்தன, மணி அடித்தது, ஏதோ திருவிழாபோல. நெற்றியில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று நின்று மின்னியது.

ஊழியர் வந்து நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்வரை மாமா வாயைத் திறக்கவில்லை. ஊழியர் போனதும் நெவேனாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்கேயிருந்துடி கத்துக்கிட்டே? இருபது தடவை காத்திருந்திருக்கேன், எனக்கு இந்தப் புத்தி வரல. எந்திரின்னு சொல்லி அவளை ஒட்டவெச்சே. கணக்கு சொல்லி மிச்சத்தையும் போடவெச்சே. கடைசியில காசை நீட்டி ரோஷத்தைக் கிளப்பிவிட்டே, அதுவா எந்திரிச்சுப் போயிடுச்சு. நான் பேசினேனே ரெண்டு வார்த்தை, சரியான நேரம்தானே? படிப்புன்னா படிப்புதான்!"

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் பயங்கரம். மனதாரப் பாராட்டினார். கண்ணில் பெருமை.

"மூணுல ஒண்ணுதான் உனக்கு. இன்னிக்குப் பாதி எடுத்துக்கோ."

நெவேனா வாங்கிக்கொண்டாள். வாங்காவிட்டால் மாமா இன்னும் கொஞ்சம் பணக்காரர் ஆவார், வேறொன்றும் ஆகாது. பையில் மிச்சமிருந்த அவருடைய கட்டை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். பிறகு நேராக வரவேற்பு மேஜைக்குப் போனாள்.

அங்கே கெய்லி இருந்தாள், பள்ளியில் இவளைப் பார்த்து எழுதித்தான் கணக்கில் தேறியவள்.

"என்னைத் தடை பண்ணணும்" என்றாள் நெவேனா. "ஆட்டத்தை நிறுத்த முடியாதவங்க தங்களைத் தாங்களே தடை பண்ணிக்கறாங்கல்ல, அது."

"நீயா? நீ ஆடி நான் பாத்ததே இல்லையே. சோடாதானே குடிப்பே?"

"ஃபாரத்தைக் கொடு கெய்லி."

வெட்கப்படாமல் உதவி கேட்டதற்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்கியது ஃபாரம். எவ்வளவு தோற்றீர்கள் என்று ஒரு கட்டம். நெவேனா ஒரு கோடு இழுத்தாள். வேறு எந்தெந்த கிளப்புகளிலிருந்து விலக விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம். மாமாவின் வட்டத்தில் இருந்தவை எல்லாவற்றையும் குறித்தாள். பிறகு இல்லாதவற்றையும் குறித்தாள். கெய்லி போன் கேமராவில் அவளைப் படம் எடுத்தாள். இனி எல்லா வாசல்களிலும் அந்த முகம் இருக்கும்.

மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காகிதத்தைப் பார்த்தார். "கிறுக்கச்சி! திங்கக்கிழமை நமக்கு ரெண்டு மெஷின் பழுத்து நிக்குதுடி. யாரு கணக்குப் பாப்பா?"

"நீங்க நாலாயிரத்து அறுநூறுன்னே வெச்சுக்குங்க. அதுவும் லாபம்தான்."

"அந்தக் கிழவிக்காகவா? இதனால அவளுக்குக் கல்லு வந்துடுமா?"

"வராது" என்றாள் நெவேனா. கையெழுத்துப் போட்டாள்.

வாசலுக்குப் பக்கத்தில், கிளப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சோபாவில் வெலிக்கா உட்கார்ந்திருந்தாள். மணிச்சத்தம் அங்கேவரை கேட்டிருக்கும். நெவேனா கடக்கும்போது தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு?"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தி மூணு."

"நான் எந்திரிக்காம இருந்திருந்தா?"

"உங்களுக்கு விழுந்திருக்கும்."

"நீ நீட்டின அந்தக் காசுலயேவா?"

"அந்தக் காசுலயே. மிச்சம்கூட இருந்திருக்கும்."

வெலிக்கா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். "உனக்குப் பொய் சொல்லவே தெரியாதாடி? ஒரு பொம்பளை கேட்டா, 'இல்ல அத்தே, உங்களுக்கு அப்பவும் விழுந்திருக்காது'ன்னு சொன்னா உன் பட்டம் கிழிஞ்சுடுமா?"

நெவேனாவின் கை பைக்குள் போனது.

"எடுக்காதே" என்றாள் வெலிக்கா, உடனே. "நீட்டினா வாங்கிடுவேன். வாங்கினா உள்ளதான் போவேன்."

நெவேனா கையை வெளியே எடுத்தாள், வெறுங்கையாக. கெய்லி மேஜையிலிருந்து எழுந்து, சங்கடத்தோடு, இனிமேல் அவள் இங்கே நிற்கக் கூடாது என்று நினைவூட்டினாள். சட்டம் அப்படி.

"தெரியும்" என்றாள் நெவேனா. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.